ஈ பிடிக்கும் செடி வீட்டுக்கு வந்த கதை

போர்த்துகல் நாட்டின் வடக்கே, டோரு ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது ஓபோர்ட்டோ. ஒயினுக்குப் பேர்போன துறைமுகம். 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரைச் சுற்றியிருந்த வறண்ட குன்றுச் சரிவுகளில் ஒரு சிறு செடி ஏராளமாக வளர்ந்து கிடந்தது. நீண்டு மெலிந்த இலைகள். இலை முழுக்கக் குட்டிக் குட்டிக் காம்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு துளிப் பசை. வெயிலில் பார்த்தால் கண்ணாடி மணி கோத்தது போல மின்னும். முகர்ந்தால் தேன் மணக்கும்.

அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள் அந்தச் செடியைக் கொண்டுவந்து குடிசைக்குள் தொங்கவிட்டார்கள். வீட்டுக்குள் சுற்றிய ஈக்கள் அதில் ஒட்டிக்கொண்டு மாண்டன. அதனால் செடிக்கு 'ஈப்பிடிப்பான்' என்றே பெயர் வைத்தார்கள்.

அந்த ஊரில் வாழ்ந்த டபிள்யூ. சி. டெய்ட் என்பவர் இந்தச் செய்தியைச் சார்லஸ் டார்வினுக்குத் தெரிவித்தார். கூடவே உயிருள்ள செடிகளும் இங்கிலாந்துக்குப் போயின. 1875-இல் வெளிவந்த 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' என்ற நூலில் டார்வின் இரண்டையும் எழுதினார்: செடியின் உடலமைப்பையும், அதைக் குடிசையில் தொங்கவிடும் வழக்கத்தையும். தாவரவியலில் அதன் பெயர் டிரோசோஃபில்லம் லூசிடானிகம்.

செடி பூச்சியைப் பிடித்துத் தின்னும் என்பதை ஒப்புக்கொள்ளப் படித்த உலகத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த உண்மையில் பாதி, ஓபோர்ட்டோ குடிசைகளில் ஈ மொய்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று மாடித்தோட்டத்திலும் ஜன்னலோரத்திலும் பூச்சி பிடிக்க ஒரு செடி வைக்கலாமா என்று கேட்பவர்கள், அந்தக் குடிசைக்காரர்களின் வழியில்தான் வருகிறார்கள். அந்த வழி எப்படிப் பிறந்தது, எங்கெல்லாம் போனது, எது வரைதான் போகும் என்பதை விவரமாகப் பார்த்துவிடுவோம்.

பசியில் பிறந்த பொறி

மற்றச் செடிகள் வேரால் உண்கின்றன. தழைச்சத்தும் மணிச்சத்தும் மண்ணிலிருந்து வருகின்றன. ஆனால் சதுப்பு நிலம், மழை அலசிய மணல், கல் நிறைந்த சரிவு போன்ற இடங்களில் அந்தச் சத்துகள் அரிது. வெயில் உண்டு, சில இடங்களில் தண்ணீரும் உண்டு, சோறு மட்டும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் சில செடிகள் பறந்தும் ஊர்ந்தும் வரும் உயிர்களிடமிருந்து அந்தச் சத்தை எடுத்துக்கொள்ளத் தேர்ந்தன. இலையே பொறியாயிற்று. இன்று 800-க்கும் மேற்பட்ட ஊனுண்ணித் தாவர இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. ஒரே குலத்தில் பிறந்து பரவியவையும் அல்ல இவை. வெவ்வேறு குலங்கள், வெவ்வேறு கண்டங்களில், தனித்தனியே இந்த வழிக்கு வந்து சேர்ந்தன.

பொறியின் வகைகளும் பல. டிரோசிரா, டிரோசோஃபில்லம் போன்றவை பசையால் ஒட்டவைக்கும். நெப்பந்தஸ், சாரசீனியா போன்ற குடுவைச் செடிகள் வழுக்கி விழவைத்து நீரில் அமிழ்த்தும். வீனஸ் ஈப்பொறி இலையை மடக்கிச் சிறைபிடிக்கும். யூட்ரிகுலேரியா நீருக்குள் உறிஞ்சி இழுக்கும்.

இங்கே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொறி நம் வீட்டுக்காகப் பிறந்ததல்ல. செடி தன் பசிக்குத்தான் பூச்சியைப் பிடிக்கிறது. அதன் பசியும் நம் தேவையும் எந்த இடத்தில் ஒன்றுகூடுகின்றனவோ அந்த இடத்தில் மட்டுமே அது நமக்கு உதவும்.

நம்ப மறுத்த நூறு ஆண்டு

1759-இல் வட கரோலினாவின் ஆளுநராக இருந்த ஆர்தர் டாப்ஸ், லண்டனில் இருந்த தாவர ஆர்வலர் பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில், தொட்டால் மூடிக்கொள்ளும் ஒரு செடியைக் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு இன்னும் விரிவாக எழுதினார். அதுதான் வீனஸ் ஈப்பொறி. வில்மிங்டன் நகரைச் சுற்றிச் சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே அது இயற்கையாக வளர்கிறது. உலகில் வேறெங்கும் அதற்குச் சொந்த மண் இல்லை.

லண்டன் வணிகரும் இயற்கை ஆய்வாளருமான ஜான் எல்லிஸ் அதற்கு டயோனியா மஸ்சிபுலா என்று பெயரிட்டு, 1769-இல் லின்னேயசுக்கு எழுதினார். இந்தச் செடி பூச்சியை உணவாகக் கொள்கிறது என்பது எல்லிசின் எண்ணம். லின்னேயஸ் அதை ஏற்கவில்லை. உயிரினங்களை எல்லாம் வரிசைப்படுத்திய அந்தப் பேரறிஞருக்கு, செடி விலங்கைத் தின்பது படைப்பின் ஒழுங்குக்கே எதிரானதாகப் பட்டது. தொட்டாற்சிணுங்கி போல இலை சும்மா மூடுகிறது, பூச்சி அடங்கியதும் திறந்து விட்டுவிடுகிறது என்று விளக்கம் சொன்னார்.

இத்தனைக்கும் இதே லின்னேயஸ், லாப்லாந்துச் செடிகளைப் பற்றி 1737-இல் எழுதிய நூலில், பிங்குயிகுலா என்ற பசையிலைச் செடியின் மேல் பாலை ஊற்றி, அதைக் கெட்டியாக்கி உண்ணும் வடபுலத்து வழக்கத்தைப் பதிவு செய்தவர். அந்த இலையில் பாலை மாற்றும் ஏதோ ஒன்று உண்டென்று லாப்லாந்து வீடுகளுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் செடியும் ஓர் ஊனுண்ணி. கை அறிந்ததை ஏடு ஏற்கத் தயங்கிய கதை ஓபோர்ட்டோவுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

வில்மிங்டனில் வாழ்ந்து பின்னாளில் பாதிரியாரான மோசஸ் ஆஷ்லி கர்ட்டிஸ், 1834-இல் ஈப்பொறிக்குள் சிக்கிய பூச்சியைச் சுற்றி ஒரு நீர் ஊறுவதையும் பூச்சி அதில் கரைவதையும் கண்டு எழுதினார். 1868-இல் வில்லியம் கேன்பி அதே செடிக்கு மாட்டிறைச்சித் துண்டுகளைக் கொடுத்து, அவை செரிப்பதைக் காட்டினார். கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

முழுக்கத் திறந்தவர் டார்வின். 1860-ஆம் ஆண்டுக் கோடையில் சசெக்ஸ் பகுதியின் ஒரு கரம்பு நிலத்தில், டிரோசிரா செடியின் இலைகளில் இத்தனை பூச்சிகள் ஒட்டிக் கிடக்கின்றனவே என்று வியந்தார். கைக்கு வந்தபடி 12 செடிகளைப் பறித்தார். விரிந்த இலைகள் 56. அவற்றில் 31 இலைகளில் பூச்சியோ அதன் மிச்சமோ இருந்தது. ஓர் இலையில் மட்டும் 13 பூச்சிகளின் எச்சம். தற்செயல் என்று தள்ள முடியாத கணக்கு இது.

அன்று தொடங்கி 15 ஆண்டு. இறைச்சி, முட்டை வெள்ளை, பால் என்று ஒவ்வொன்றாக இலையில் வைத்துப் பார்த்தார். தலைமயிரின் மிகச் சிறு துணுக்கை வைத்துப் பார்த்தார். தழைச்சத்து உள்ளதற்கு இலை வளைந்து அமிலமும் செரிமான நீரும் சுரந்தது. கண்ணாடித் துண்டை வைத்தால் ஏமாந்து கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. உயிரினங்களின் தோற்றத்தைவிட இந்தச் செடிமேல்தான் தமக்கு அக்கறை என்று நண்பருக்கு எழுதும் அளவுக்கு அதில் மூழ்கினார். புத்தகம் வந்து மூன்று ஆண்டுக்குப் பின், 1878-இல், அவர் மகன் ஃபிரான்சிஸ் டார்வின் இன்னொரு சோதனையை வெளியிட்டார். ஒரு தொகுதி டிரோசிராவுக்கு இறைச்சி கொடுத்தார். மற்றதைப் பட்டினி போட்டார். உண்ட செடிகள் தந்த விதையின் மொத்த எடை, பட்டினிச் செடிகளினுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். செடி தின்கிறது, தின்றால் வம்சம் பெருகுகிறது என்பது அத்தோடு நிலைநின்றது.

ஓபோர்ட்டோ செடியின் உள்வேலை

டெய்ட் அனுப்பிய செடிகள் டார்வினின் கண்ணாடி வீட்டுக்கு வந்தன. ஏப்ரல் தொடக்கம், குளிர் போகவில்லை, பூச்சியே அரிது. அப்போதும் செடி பூச்சிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்றால் அது பூச்சியை அழைக்கிறது என்று டார்வின் முடிவுக்கு வந்தார். இலையுதிர் காலத்தில் ஓர் இளஞ்செடியின் நான்கு இலைகளை எண்ணினார்: 8, 10, 14, 16 என்று குட்டிப் பூச்சிகள். பெரும்பாலும் ஈ வகை.

டிரோசிராவின் காம்புகள் பூச்சியை நோக்கி மெல்ல வளையும். ஓபோர்ட்டோ செடியின் காம்புகள் அசைவதே இல்லை. அதன் வித்தை வேறு. டிரோசிராவின் பசை சுரப்பியை விட்டுப் பிரியாமல் நூலாக இழுபடும்; இதன் பசைத்துளியோ எளிதில் கழன்று பூச்சியின் மேல் தங்கிவிடும். பூச்சி ஓரடி நகர்ந்தால் அடுத்த துளி, இன்னோரடி நகர்ந்தால் அதற்கடுத்த துளி. இறக்கை நனைகிறது, கால் கனக்கிறது, தன் முயற்சியாலேயே அது பசையில் குளித்துச் சரிந்து இலையின் மேற்பரப்பில் விழுகிறது. அங்கே காம்பில்லாத இன்னொரு வகைச் சுரப்பிகள் காத்திருக்கின்றன. பூச்சியின் சத்து பட்டதும் அவை செரிமான நீரைச் சுரந்து உறிஞ்சுகின்றன. ஒட்டுவதற்கு ஒரு சுரப்பி, உண்பதற்கு ஒரு சுரப்பி.

இந்தச் செடி குடிசைக்குப் பொருந்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற ஊனுண்ணிகளில் பல சதுப்பில் கால் நனைத்தபடி வாழ்பவை. இது வறண்ட சரிவில் வளர்ந்த செடி. போர்த்துகலில் இதன் இன்னொரு பெயருக்கு 'எச்சிலொழுகும் பைன்' என்று பொருள். கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த டிரோசிரா என்ற பெயருக்குப் பனித்துளி படிந்தது என்று பொருள். நம் தமிழில் டிரோசிராவுக்கு அழுகண்ணி என்று பெயர். ஒரே மாதிரித் துளியை ஒருவர் எச்சிலாகவும் ஒருவர் பனியாகவும் நம் முன்னோர் கண்ணீராகவும் கண்டிருக்கிறார்கள். மூன்று பேரும் உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே ரோரிடுலா என்ற புதரைக் கிளையோடு வீட்டில் தொங்கவிட்டு ஈ பிடித்தார்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு 'ஈப்புதர்' என்று பெயர். அதன் பசை நீரில் கரையாத பிசின். பெரிய பூச்சிகளையும் விடாது. வியப்பு என்னவென்றால் ரோரிடுலாவால் செரிக்க முடியாது. பமெரிடியா என்ற பூச்சி அந்தப் பிசினில் ஒட்டாமல் செடியின் மேலேயே குடியிருந்து, சிக்கிய இரையை உண்கிறது. அது இலைமேல் இடும் எச்சத்திலிருந்து செடி தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. 1990-களில் எல்லிஸ், மிட்ஜ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அடையாளமிட்ட நைட்ரஜனைக் கொண்டு இதை உறுதிசெய்தார்கள்.

நஞ்சுத் தாளும் பசைத் தாளும்

ஓபோர்ட்டோ மக்கள் செடியைத் தொங்கவிட்ட அதே நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்கள் ஈயை எப்படி விரட்டின? ஆர்சனிக் தோய்த்த தாளை வாங்கி, தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார்கள். ஈ குடித்தால் சாகும். குழந்தை குடித்தாலும் சாகும். 1889-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த மேபிரிக் கொலை வழக்கில், வீட்டில் ஈத்தாள் ஊறவைக்கப்பட்டிருந்தது முக்கியச் சாட்சியமாக வந்தது.

பின்னர் நஞ்சில்லாத ஒட்டும் தாள்கள் கடைக்கு வந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் ஊரில் தும் குடும்பத்தார் 1880-களில் ஒட்டும் தாளை விற்கத் தொடங்கினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வைப்லிங்கன் ஊரிலிருந்து தியோடர் கைசரின் தொங்கும் பசைச்சுருள் வந்தது. இனிப்பு, பசை, தொங்கவிடல் என்ற அதே மூன்று சேர்க்கை. குன்றின் மேல் செடி ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத் தொழிற்சாலை காகிதத்தில் செய்தது.

1939-இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் பரிசு வருமுன்பே, டி.டி.டி.க்கு அசையாத வீட்டு ஈக்கள் ஐரோப்பாவில் தென்படத் தொடங்கின. நிலத்திலும் நீரிலும் பறவை முட்டையிலும் அது தேங்குவது தெரிந்து, 1972-இல் அமெரிக்கா பயிர்களுக்கு அதைத் தெளிக்கத் தடை விதித்தது. வீட்டுக்குள் நஞ்சு தெளிக்கத் தயங்கும் மனம் அப்படித்தான் வளர்ந்தது. அந்த மனம்தான் மறுபடி செடியைத் தேடியது.

ஜன்னலோரத்துக்கு வந்த வழி

ஊனுண்ணிகள் முதலில் பணக்காரர் கண்ணாடி வீட்டுக்குத்தான் வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வீச் குடும்ப நாற்றுப்பண்ணை, தென்கிழக்கு ஆசியாவுக்கு ஆளனுப்பி நெப்பந்தஸ் குடுவைச் செடிகளைத் தேடிக் கொணர்ந்தது. சாமானியர் கைக்கு அவை எட்டியது திசு வளர்ப்பு வந்த பிறகு. ஒரு துணுக்குத் திசுவைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து ஆயிரக்கணக்கான கன்றுகள் எடுக்க முடிந்ததும், வீனஸ் ஈப்பொறி கடைத்தெருச் செடியாயிற்று.

பெயரில் ஈ இருக்கிறதே, வாங்கி வைத்தால் வீட்டு ஈ ஒழிந்துவிடும் என்று நம்பிப் பலரும் வாங்கினார்கள். அங்கேதான் ஏமாற்றம். அதன் இலைக்குள் இருக்கும் உணர்வு மயிர்களைப் பூச்சி சுமார் 20 நொடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் பொறி மூடும். மழைத்துளிக்கும் சருகுக்கும் ஏமாறாமல் இருக்கச் செடி கற்ற கணக்கு அது. மூடியதும் செரிக்க ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். ஒரு பொறி வாழ்நாளில் மூன்று நான்கு இரை பிடித்தால் அதிகம், பிறகு கருகிவிடும். சொந்த மண்ணில் அது பெரும்பாலும் பிடிப்பது எறும்பையும் சிலந்தியையும். பறக்கும் பூச்சி மிகக் குறைவு. ஐந்தாறு பொறிகள் உள்ள ஒரு தொட்டி, சமையலறை ஈக்களுக்கு எந்த விதத்திலும் ஈடாகாது.

குடுவைச் செடியைப் பற்றியும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. கொசு அதில் விழுந்து சாகும் என்று நினைக்கிறோம். வட அமெரிக்காவின் சாரசீனியா பர்பூரியா என்ற குடுவைச் செடியின் நீரில் வையோமியா ஸ்மித்தி என்ற கொசு முட்டையிட்டு, அதன் புழுக்கள் அங்கேயே வளர்கின்றன. செடியின் வயிறே அந்தக் கொசுவுக்குத் தொட்டில்.

அப்படியானால் எந்தச் செடி உண்மையில் உதவுகிறது? விடை மிக எளிய ஓர் இலையில் இருக்கிறது. லாப்லாந்தில் பால் ஊற்றிய அந்தப் பிங்குயிகுலாவின் உறவினர்கள் மெக்சிகோவின் மலைகளில் வளர்கிறார்கள். இயற்கை ஆய்வாளர்களான ஹம்போல்டும் போன்பிளானும் 1803-இல் அந்நாட்டின் மொரான் சுரங்கப் பகுதியில் சேகரித்த ஒன்று, 1817-இல் பிங்குயிகுலா மொரானென்சிஸ் என்று பெயர் பெற்றது. தரையோடு ஒட்டிய தாமரை வடிவம், வெண்ணெய் தடவியது போன்ற இலை, அழகான பூ. பெரிய ஈ அதில் அமர்ந்தால் உதறிக்கொண்டு பறந்துவிடும். ஆனால் தொட்டிச் செடி வளர்ப்பவர்களின் தலைவலியான ஒரு பூச்சிக்கு அது எமன்.

தொட்டி மண்ணைக் கிளறினால் புகை போல எழுந்து முகத்தில் மோதும் கறுப்புக் குட்டி ஈக்களைப் பார்த்திருப்பீர்கள். ஈர மண்ணில் முட்டையிடும். புழுக்கள் மண்ணில் உள்ள பூஞ்சையையும் இளம் வேரையும் தின்னும். ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கும் நாற்று விடுபவர்களுக்கும் இவற்றால் பெரும் நட்டம். இவற்றைப் பிடிக்க மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொட்டியில் செருகுவது வழக்கம். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பலர் அட்டைக்குப் பதிலாக, அல்லது அட்டையோடு கூட, தொட்டிகளுக்கு நடுவே பிங்குயிகுலாவை வைக்கிறார்கள். சில நாளில் இலைகள் மிளகுத்தூள் தூவியது போலக் கறுத்துவிடும். அட்டை காய்ந்தால் குப்பை. இலை காய்ந்தால் புது இலை. தென்னாப்பிரிக்க டிரோசிரா கேப்பென்சிசும் இந்த வேலையை நன்றாகச் செய்யும். வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈக்களையும் சேர்த்தே பிடிக்கும்.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. செடி பிடிப்பது பறக்கும் தாய்ப் பூச்சியை மட்டும். மண்ணுக்குள் இருக்கும் புழு அப்படியே இருக்கும். ஆகவே தொட்டியின் மேல்மண்ணைக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் முதல் மருந்து. செடி அதற்குத் துணை.

கொசுப்புழுவும் நீர்ப்பொறியும்

வீட்டின் பெரும்பகை கொசு. அதற்கு ஊனுண்ணிகளில் விடை உண்டா என்ற கேள்வியும் டார்வின் காலத்திலேயே பிறந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில், வைன்லாந்து ஊரில் வாழ்ந்த மேரி ட்ரீட் என்ற அம்மையார், யூட்ரிகுலேரியாவின் நீர்ப்பைகளை நுண்ணோக்கியில் நாள்கணக்காகப் பார்த்தார். கொசுப்புழுக்கள் அந்தப் பைகளில் சிக்குவதைக் கண்டு டார்வினுக்கு எழுதினார். டார்வின் அவர் பெயரைச் சொல்லி அதைத் தம் நூலில் சேர்த்தார்.

அந்தப் பை கடுகளவுதான். உள்ளே இருக்கும் நீரைச் செடி வெளியேற்றிப் பையை ஒடுக்கி வைத்திருக்கும். வாசலில் உள்ள மயிரைப் புழு தொட்டதும் கதவு உள்பக்கம் திறக்கும். நீரோடு புழுவும் உள்ளே போய்விடும். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். 2020-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ஆய்வாளர்கள் யூட்ரிகுலேரியாவோடு ஏடிஸ் கொசுவின் இளம்புழுக்களை ஆய்வகத்தில் விட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ எல்லாப் புழுக்களும் ஒரு வாரத்துக்குள் ஒழிந்தன. ஆய்வகத் தொட்டியில் கிடைத்த முடிவு அது. தெருவில் தேங்கிய சாக்கடைக்கு அப்படியே பொருந்தாது. இந்தச் செடிக்கு அசுத்த நீர் ஆகாது. டெங்குக் கொசு வளரும் டயருக்கும் தேங்காய்ச் சிரட்டைக்கும் செடி தேவையில்லை. கவிழ்த்து வைக்கும் கை போதும்.

நம் வீட்டுக்கு வரவேண்டுமானால்

ஊனுண்ணிகள் நமக்கு அந்நியமல்ல. நீலகிரி, கொடைக்கானல் புல்வெளிகளின் ஈரச் சரிவுகளில் அழுகண்ணி செந்நிறத்தில் படர்ந்திருக்கிறது. நம் குளங்களிலும் நெல்வயல் நீரிலும் மஞ்சள் பூவோடு யூட்ரிகுலேரியா மிதக்கிறது. இலங்கையின் மழைக்காட்டு ஓரங்களில் வளரும் குடுவைச் செடிக்கு லின்னேயஸ் 1753-இல் நெப்பந்தஸ் டிஸ்டிலடோரியா என்று பெயரிட்டார். இந்தியாவுக்கே உரிய ஒரே குடுவைச் செடி மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா. காசி மக்கள் அதைப் பேய்ப்பூ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

இவற்றைக் காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். காசியானாவின் வணிகம் பன்னாட்டு ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. வீனஸ் ஈப்பொறியைக் காட்டிலிருந்து திருடுவது வட கரோலினாவில் 2014 டிசம்பர் முதல் கடும் குற்றம். ஓபோர்ட்டோ செடிக்கும் நல்ல காலம் இல்லை. அவ்வப்போது தீப்பட்டுத் திறந்த வெளியாகும் நிலத்தில்தான் அதன் விதை நன்றாக முளைக்கும். தீயை அடக்கிப் பைன் காடு நட்ட இடங்களில் அது அருகி வருகிறது. வளர்க்க விரும்பினால், விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ வந்த கன்றை நம்பிக்கையான நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள்.

வாங்கிய பின் செடியைக் கொல்வது பெரும்பாலும் நம் அன்புதான். உரம் போடுவோம், சத்தில்லா மண்ணுக்குப் பழகிய வேர் கருகும். போர் தண்ணீர் ஊற்றுவோம். உப்பு சேர்ந்து செத்துவிடும். மழைநீர் நல்லது, இல்லையென்றால் உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர். செம்மண்ணும் சாணமும் கலந்த தொட்டி ஆகாது. உப்புப் போகப் பலமுறை அலசிய தென்னை நார்க்கழிவும் கழுவிய ஆற்று மணலும் கலந்தால் போதும். அழுகண்ணி வகைகளுக்கு வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் பசைத்துளி வற்றிவிடும். வீனஸ் ஈப்பொறிக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். சென்னை, மதுரை வெக்கையில் அது நிலைப்பது கடினம். மெக்சிகோ மலையின் பிங்குயிகுலாவும் ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களுக்கே ஏற்றது. சமவெளிக்கு அழுகண்ணி வகைகளே தோது. பொறியை விரலால் தொட்டுத் தொட்டு மூடவைக்கும் விளையாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தடுங்கள். ஒவ்வொரு வீண் மூடலும் செடியின் உழைப்பைத் தின்கிறது. செடியை வைத்துக்கொண்டே அதன் பக்கத்தில் பூச்சிமருந்து அடிக்கவும் வேண்டாம்.

வீட்டு ஈக்குக் குப்பைத் தொட்டியின் மூடி, கொசுவுக்குத் தேங்காத தண்ணீர், தொட்டிச் செடியின் குட்டிக் கறுப்பு ஈக்குக் காய்ந்த மேல்மண்ணும் ஓர் அழுகண்ணியும். இந்தக் கணக்கோடு செடியை வாங்குபவருக்கு ஏமாற்றம் இல்லை. வாங்கும் முன் அடுத்த மழையில் மொட்டைமாடியில் ஒரு வாளியை வையுங்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டுச் செடியைக் கொண்டு வாருங்கள்.